தவக்கால உண்டியல்: சாப்பாட்டு மேசையில் அட்டைப்பெட்டி வேண்டுமா, வேண்டாமா?

தோமா_கேள்வி:
ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று தட்டையாக மடித்த ஒரு அட்டை கைக்கு வரும். வீட்டில் விரித்து மடிப்புகளைச் செருகினால் உண்டியல். தவக்காலம் முழுக்க அது சாப்பாட்டு மேசையில் இருக்கும். குடும்பத்தோடு காசு போட்டு, கடைசியில் உலக வறுமைக்கு எதிரான பணிக்கென்று பங்குக் கோயிலில் ஒப்படைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை மூட்டை கட்டிவிட்டு, மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை தானாகப் போகும்படி செய்வது மேல் என்பது என் கட்சி.

பெட்டிக்குள் விழுவது சட்டைப்பையில் கனக்கும் சில்லறை. அது போனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது, அப்புறம் என்ன ஒறுத்தல்? வாங்கிப்போன பெட்டிகளில் பல, அலமாரி மேல் இருந்தபடியே அடுத்த தவக்காலத்தைப் பார்க்கின்றன. பணி நடத்துகிறவர்களுக்கோ சீரான வரவு வேண்டும். விதை விதைப்புக்கு முன்னே போய்ச் சேர வேண்டும், செவிலியருக்கு 12 மாதமும் சம்பளம் போக வேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் புனித பவுலும் இதைத்தானே சொன்னார்? வாரத்தின் முதல் நாள்தோறும் ஒரு பகுதியை எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு வசூல் வேண்டாம் என்று (1 கொரி 16:2).

மறைக்கல்வி_மேரி:
//நான் வந்த பிறகு வசூல் வேண்டாம்//
தோமா அண்ணே, அதே வசனத்தில் அவரவர் தம்மிடம் எடுத்து வைக்கும்படிதான் சொல்கிறார். வீட்டில் எடுத்து வைப்பதற்கு உண்டியல் என்று பெயர். உங்கள் சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

சில்லறைக்கென்று யாரும் இதைத் தொடங்கவில்லை. 1975இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆலன்டவுனில் மான்சிஞ்ஞோர் பட்டம் பெற்ற குரு ராபர்ட் கோல் முன்னின்று ஆரம்பித்தது 'ரைஸ் பவுல்' என்ற தவக்கால உண்டியல் திட்டம். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் வறட்சியும் பஞ்சமும் வாட்டிய நேரம். ஒரு வேளை எளிமையாகச் சாப்பிட்டு, மிச்சமான பணத்தைப் பசித்தவருக்குக் கொடுப்பது என்பதுதான் யோசனை. 1977இல் அமெரிக்க ஆயர்கள் அதைத் தங்கள் வெளிநாட்டு உதவி அமைப்பான கத்தோலிக் ரிலீஃப் சர்வீசஸின் அதிகாரபூர்வத் திட்டமாக ஏற்றார்கள். இங்கிலாந்தில் 1960இலேயே கத்தோலிக்கப் பெண்கள் குடும்ப நோன்பு நாள் நடத்தி, டொமினிக்கா தீவின் தாய்-சேய் நலப் பணிக்குப் பணம் அனுப்பினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'காஃபோட்' என்ற கத்தோலிக்க உதவி அமைப்பு. எல்லாவற்றுக்கும் மூத்த ஆதாரம் இரண்டாம் நூற்றாண்டின் 'ஹெர்மாவின் மேய்ப்பர்' என்ற கிறிஸ்தவ நூல். ஒருசந்தி (உணவைக் குறைக்கும் நோன்பு) நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், சாப்பிட இருந்த உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அநாதைக்கோ கொடு என்கிறது அது. கணக்கிடு என்கிறது, கவனியுங்கள்.

காணிக்கைக்_கணக்கு:
அந்தக் 'கணக்கிடு' என்ற சொல்லைத்தான் வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பெட்டி உருப்படாமல் போவது அங்கேதான். முறையாகச் செய்தால் இப்படி:

தவக்காலம் தொடங்கும் முன் வீட்டில் ஒரு வழக்கமான இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செலவு என்று மூன்று நாள் எழுதிப் பார்த்துச் சராசரி எடுங்கள். எரிபொருளைச் சேர்க்க வேண்டாம், பிரிக்க முடியாது. அது 100 என்று வையுங்கள். எளிய சாப்பாட்டுக்கு 35 ஆகிறது. வித்தியாசம் 65. அன்றிரவே, மேசையை விட்டு எழும் முன், 65ஐயும் பெட்டியில் போட வேண்டும். 'வாரக் கடைசியில் சேர்த்துப் போடலாம்' என்று தள்ளினால் அது வேறு செலவில் கரைந்துவிடும். இந்த ஒரு விதியை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

எத்தனை நாள்? தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஏழு, புனித வெள்ளியையும் சேர்த்து. திருநீற்றுப் புதனோடு எட்டு நாள். 8 × 65 = 520. சில்லறை மட்டும் போடும் வீட்டில் இதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்த வகையில் தோமா சொல்வது சரிதான்.

இன்னொரு ஓட்டை: பல இடங்களில் பெட்டியைக் குருத்து ஞாயிறன்றே, அதாவது ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பே, வாங்கிவிடுகிறார்கள். புனித வெள்ளி ஆண்டின் மிகக் கடுமையான நோன்பு நாட்களில் ஒன்று, அன்றைய பணம் போட பெட்டியே இருக்காது. பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) அடுத்த ஞாயிறு வாங்கினால் எட்டு நாளும் உள்ளே வரும். புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன் திருப்பலியில் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவனியாகக் கொண்டுவர வழிபாட்டு முறையே இடம் தருகிறது. அன்று வாங்குவதானால் புனித வெள்ளிக்கு ஒரு தனி உறை கொடுத்துவிடுங்கள்.

தோமா_கேள்வி:
கணக்கு அழகாக இருக்கிறது. வீட்டில் நடப்பது வேறு. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று இறைச்சியைத் தள்ளிவிட்டு அதைவிட விலை கூடிய மீனை வாங்குகிறார்கள். உங்கள் 100க்கு எதிரே 140 நிற்கும். அப்போது பெட்டி நமக்குத் தர வேண்டுமா?

இன்னொன்று. ரைஸ் பவுல் பணத்தில் 75 சதவீதம்தான் வெளிநாட்டுப் பணிகளுக்கு. 25 சதவீதம் அந்தந்த மறைமாவட்டத்திலேயே தங்குகிறது. உலக வறுமை என்று பெயர் வைத்துவிட்டுக் கால் பங்கை உள்ளூரில் நிறுத்துவது என்ன நியாயம்?

மறைக்கல்வி_மேரி:
அந்தக் கால் பங்கும் உள்ளூர்ப் பசிக்கும் வறுமைக்கும்தான் போகிறது, கோயில் கூரைக்கு அல்ல. இந்தப் பிரிவினையை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பக்கத்துத் தெருவில் பசித்திருப்பவரைத் தாண்டிப்போய்த் தொலைதூரத்துக்குக் கொடுக்கச் சொல்லி யாரும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியாது.

பாமரப்_பொருளியல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கால் பங்கைவிடப் பெரிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. சில குடும்பங்கள் தவக்காலத்தில் 'ஒரு வாரம் வறுமைக் கோட்டில் வாழ்ந்து பார்ப்போம்' என்று இறங்குகின்றன. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. உடனே 3ஐ அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, அதற்குள் சாப்பிட்டுக் காட்டுகிறார்கள். தப்பு. அந்த 3 டாலர் வாங்கும் திறன் அடிப்படையிலானது, அதாவது அமெரிக்காவில் 3 டாலருக்குக் கிடைக்கும் அளவு பொருள். இரண்டாவது தப்பு இன்னும் மோசம்: அந்தத் தொகை முழுவதையும் சாப்பாட்டுக்கே செலவழிக்கிறார்கள். வாடகை, சோப்பு, மருந்து, பள்ளிச் செலவு, சொந்த நிலத்தில் விளைந்து உண்ட தானியத்தின் மதிப்பு எல்லாம் அந்த மூன்றுக்குள் அடக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் 'ஏழை என்றால் இவ்வளவு சாப்பிடலாமா, பரவாயில்லையே' என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. பணத்துக்குப் பதில் பழைய துணி, டப்பா உணவு என்று மூட்டை கட்டுகிறார்கள். கப்பல் செலவு பொருளின் விலையைத் தாண்டலாம். போய் இறங்கும் ஊரில் விளைச்சல் இருந்தால், இலவசமாக வந்த உணவு அங்குள்ள விவசாயியின் விலையை அடித்துவிடும். அங்கேயே வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்புவதுதான் பெரும்பாலும் உதவும். சந்தையே செத்துக் கிடக்கும் போர்ப்பகுதி, பஞ்சப்பகுதி விதிவிலக்கு.

தோமா_கேள்வி:
இவர் சொல்வதெல்லாம் என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. 2024இல் உலகில் பசியில் இருந்தவர்கள் சுமார் 67 கோடிப் பேர் என்று ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதற்கு எதிரே எட்டு ராத்திரி வித்தியாசம் எம்மாத்திரம்? ஆண்டு முழுக்க ஒழுங்காகப் போகும் பணம்தான் வேலை செய்யும்.

அட்டையில் இருக்கும் படத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. தூர நாட்டுக் குழந்தை ஒன்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. நம் பிள்ளை கொடுக்கிறவன், அது வாங்குகிறது என்ற பாடம் 40 நாளும் சாப்பாட்டோடு சேர்ந்து இறங்குகிறது.

மறைக்கல்வி_மேரி:
படத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் அதை வேறுவிதமாக நடத்தலாம். படத்தில் இருப்பவரின் பெயர், அவர் செய்யும் வேலை, அங்கே மழை எந்த மாதம், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று கேட்கச் சொல்லுங்கள். 'பாவம்' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் தொடாத ஒன்று: வகுப்புகளுக்குள் போட்டி. 'எந்த வகுப்பு அதிகம்' என்று சுவரில் வரைபடம் ஒட்டுவது. வீட்டிலேயே கஷ்டப்படும் பிள்ளை அதன் முன்னால் கூனிக் குறுகும். அந்த வீட்டுக்கு ஒருவேளை பெட்டியே தரக்கூடாது, தரவேண்டியது வேறாக இருக்கும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்ற வசனத்தைப் படித்துவிட்டு வரைபடம் ஒட்டுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

வயதையும் பார்க்க வேண்டும். திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும் வரை, அதாவது 59 நிறையும் வரை. பத்து வயதுப் பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்து உண்டியலில் போடச் சொல்வது பக்தி அல்ல. தின்பண்டக் காசைப் போடட்டும். கர்ப்பிணியும் நீரிழிவுக்காரரும் பொழுதுபோக்குச் செலவிலிருந்து எடுக்கலாம்.

காணிக்கைக்_கணக்கு:
எண்ணும் மேசைப் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். அட்டைப்பெட்டியின் அடிமடிப்பு நாணயப் பாரம் தாங்காது, நிரம்பிய பெட்டியைத் தூக்கினால் அடி பிளந்து காசு உருளும். முதல் நாளே அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா போடுங்கள். நாணயம் குவிந்தால் பல வங்கிகள் முகம் சுளிக்கும். வகை பிரித்துக் கட்டச் சொல்வார்கள், சில இடங்களில் கட்டணமும் உண்டு. எனவே வீட்டிலேயே நோட்டாக மாற்றி, ஒரு துண்டுச் சீட்டில் எட்டு நாளின் வித்தியாசத்தையும் தேதிவாரியாக எழுதி உள்ளே போட்டுவிட்டால், எண்ணுகிறவர்கள் சரிபார்த்தால் போதும். வரிவிலக்கு ரசீது வேண்டுகிறவர்கள் சீட்டில் பெயர் எழுத வேண்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

எண்ணும்போது உறவினர் அல்லாத இருவர், ஒரே மேசை, ஒரே நேரம். ஒருவர் எண்ணி மற்றவர் எழுதக்கூடாது, இருவரும் எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். பிரிக்காத பெட்டிகளை இரவு முழுக்கத் திருப்பொருள் அறையில் (கோயிலில் வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறை) விட்டுவைக்காதீர்கள். சந்தேகம் எழுந்தபின் யாரையும் காப்பாற்ற முடியாது.

தோமாவுக்கு ஒரு வார்த்தை. மாதாந்திரத் தொகையும் பெட்டியும் ஒன்றையொன்று வெட்டவில்லை. பெட்டி முடிந்ததும் 520ஐ 12ஆல் வகுத்தால் 43 சொச்சம். அதையே மாதத்தொகையாக வங்கியில் எழுதிக்கொடுக்கும் குடும்பம் ஆண்டுக்கு ஆண்டு அதே அளவாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். 'எந்தப் பணிக்கும் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நிறுவனத்துக்குக் கைகட்டு இல்லை.

தோமா_கேள்வி:
அந்த 43ஐ ஒப்புக்கொள்கிறேன். பெட்டி அதற்கு ஒரு அளவுகோல் என்றால் சரி, பெட்டியோடு எல்லாம் முடிந்தது என்றால் மாட்டேன். படத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அது போகட்டும், மீன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 100 கழித்தல் 140. சீட்டில் என்ன எழுதுவது?

காணிக்கைக்_கணக்கு:
0 என்று எழுதுங்கள். தேதியை அடிக்காமல், அந்த வரியை விடாமல். சீட்டு மேசைக்கு வரும்போது மற்ற ஏழு நாளோடு அதுவும் தெரியட்டும்.