சென்ட்ரிங் மேஸ்திரிக்கு வாரப் பணம்: டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா? (2024-25 நிதியாண்டு விதிகள்)

ஈரோடு பில்டர்:
வணக்கம். சொந்தப் பெயரில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். 2023-24ல் மொத்த வரவு 1.4 கோடி. இப்போது ஒரு சைட்டில் சென்ட்ரிங் வேலையைச் சதுர அடிக் கணக்கில் ஒரு மேஸ்திரியிடம் விட்டிருக்கிறேன். பலகை, முட்டு எல்லாம் அவருடையது. 2024 அக்டோபர் 5லிருந்து சனிக்கிழமைதோறும் 18,000 ரூபாய் ஜிபேயில் அனுப்புகிறேன். பொங்கல் வாரம் போக, ஜனவரி 25 வரை 16 வாரம், மொத்தம் 2,88,000. ஒரு தடவைக்கு 30,000 தாண்டாவிட்டால் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது) தேவையில்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆடிட்டர் ஆபீஸில் 194சி (ஒப்பந்த வேலைக்கு வரி பிடிக்கச் சொல்லும் வருமான வரிச் சட்டப் பிரிவு) வரும் என்கிறார்கள். எது சரி? மேஸ்திரியோ ஒரு ரூபாய் குறைந்தாலும் வேலைக்கு வரமாட்டேன் என்கிறார்.

பிளம்பிங் காண்ட்ராக்டர்:
ஆடிட்டர் ஆபீஸ் சொல்வதுதான் சரி அண்ணா. வருஷத்தில் 1 லட்சம் தாண்டினால் பிடிக்கணும். முதல் 1 லட்சத்தைக் கழித்துவிட்டு மீதி 1,88,000க்கு 1 சதவீதம் பிடித்தால் போதும்.

வரி ஆலோசகர், சேலம்:
மேலே சொன்னதில் பாதி தவறு. 1 லட்சம் என்பது கழித்துக்கொள்ளும் தொகை இல்லை. அதைத் தாண்டிய அன்றைக்கு, முதல் ரூபாயிலிருந்து முழுத் தொகைக்கும் வரி பிடிக்க வேண்டும். உங்கள் கணக்கில் நவம்பர் 9ஆம் தேதி 1,08,000 ஆகிவிட்டது. அன்றே 1,080 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். உங்கள் முந்தைய ஆண்டு வரவு 1 கோடிக்கு மேல் இருப்பதால், தனிநபராக இருந்தாலும் இந்தப் பொறுப்பு உங்களுக்கு உண்டு.

பயப்பட வேண்டாம், இப்போதே சரிசெய்துவிடலாம். பிப்ரவரி 1 அன்று கொடுப்பதையும் சேர்த்தால் 3,06,000; வரி 3,060. அதை ஒரே வாரத்தில் பிடித்தால் மேஸ்திரிக்குக் கஷ்டம், பிப்ரவரி வாரங்களில் பிரித்துப் பிடியுங்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி உங்கள் கையிலிருந்து போகும், அது ஏறக்குறைய 100 ரூபாய்தான். மார்ச் 7க்குள் கட்டிவிடுங்கள். பிடித்த பிறகு கட்டாமல் வைத்திருந்தால் வட்டி மாதம் 1.5 சதவீதம்.

இதை அப்படியே விட்டால்தான் அடி பலமாக விழும். வரி பிடிக்காத செலவில் 30 சதவீதத்தை வரித்துறை செலவாக ஏற்காது. 3,06,000க்கு 91,800 ரூபாய் உங்கள் லாபத்தோடு சேர்ந்துவிடும். 3,060 ரூபாய்க்காக இது தேவையா?

ஈரோடு பில்டர்:
நன்றி சார். பலகை வாடகையைக் கழித்துவிட்டு கூலிக்கு மட்டும் பிடிக்கலாமா? மணல் லாரிக்காரருக்கும் பிடிக்கணுமா? என்னிடம் டான் நம்பரும் (வரி பிடிப்பவருக்கான எண்) இல்லை.

வரி ஆலோசகர், சேலம்:
சதுர அடிக்கு ஒரே ரேட் பேசியிருக்கிறீர்கள், அதனால் முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதை மட்டும் விடலாம். லாரி வாடகை தனியாகக் கொடுப்பதாக இருந்து, அவருக்கு 10 வண்டிக்கு மேல் இல்லை என்றால், பான் நம்பரோடு ஓர் உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், பிடிக்கத் தேவையில்லை. டான் நம்பருக்கு முதலில் 49பி படிவம் போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு, பிடித்த வரிக் கணக்கான 26கியூ படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் மே 31. அதற்குப் பிறகு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், பிடித்த வரித் தொகை வரை ஏறும்.

கட்டட இன்ஜினியர்:
மேஸ்திரியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இந்தப் பணம் எங்கேயும் போய்விடாது, அவர் பான் கணக்கில் 26ஏஎஸ் என்ற வரி விவரப் பட்டியலில் தெரியும். வங்கி வழியாக வரும் வரவில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டி 44ஏடி பிரிவில் (சிறு தொழிலுக்கான எளிய கணக்கு முறை) ரிட்டர்ன் போடலாம். 2024-25 வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் புதிய வரி முறையில் வரி இல்லை, பிடித்தது முழுக்கத் திரும்பி வரும். எங்கள் கம்பி மேஸ்திரிக்கு, வரி பிடித்ததைக் காட்டும் 16ஏ சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. ரிட்டர்ன் போட நாங்களே ஆள் ஏற்பாடு செய்தோம். கூலி ஆட்களுக்குச் சம்பளம் பிரித்துக் கொடுப்பவருக்கு இந்த உதவியாவது நாம் செய்யணும்.

ஈரோடு பில்டர்:
பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். ஆனால் அவருடைய பான் ஆதாரோடு இணைக்கவில்லையாம்.

வரி ஆலோசகர், சேலம்:
அப்படியானால் இப்போதைக்குப் பிடிக்காதீர்கள். பான் செயலிழந்திருந்தால் 1 சதவீதம் 20 ஆகிவிடும். 3,06,000க்கு 61,200 ரூபாய். 1,000 ரூபாய் கட்டணம் கட்டி முதலில் இணைக்கச் சொல்லுங்கள். வருமான வரித் தளத்தில் பான் மீண்டும் செயல்பாட்டுக்கு வந்ததை நீங்களே பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைப் பணத்தை அனுப்புங்கள்.