பழைய ஓட்டு வீடு, தோட்டம், மேய்ச்சல் நிலம் மூன்றும் சேர்ந்து விலைக்கு வருகிறது: முன்பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

கேட்டவர்: திண்ணைநிழல்

வணக்கம். ஒரு பழைய பண்ணை வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. கல் அடித்தளம், மண் சுவர், ஓட்டுக் கூரை. வீட்டைச் சுற்றிக் கால் ஹெக்டேர் தோட்டம். அதை ஒட்டி 3 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம், கொஞ்சம் சரிவானது. 3 மீட்டர் விட்டத்தில் ஒரு திறந்த கிணறு. "ஆறு மாடு தாராளமாக மேயும்" என்கிறார்கள். சுவரெல்லாம் புதிதாகச் சிமெண்ட் பூசி வெள்ளை அடித்திருக்கிறது. ஆனால் ஒரு அறையில் மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்புளித்து உதிர்கிறது. எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

காரைக்கரண்டி

அந்தக் கொப்புளத்திலிருந்தே தொடங்குங்கள். மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் அதை வெளியே விடும். மண் பூச்சும் சுண்ணாம்புக் காரையும் அதற்கு வழிவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தேங்கி, பூச்சுக்குப் பின்னால் மண் இளகிச் சரியும். வெளியே பளிச்சென்று இருக்கும், விரலால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். சுவரின் அடியில் அரை மீட்டருக்கு ஒரு இடமாகத் தட்டிக்கொண்டே போய், பொள்ளல் கேட்ட இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். குறிகள் நான்கைந்து அடுத்தடுத்து வந்தால் அங்கே ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். பின்னால் மண் கையோடு உதிர்ந்து வந்தால் அந்தச் சுவரின் அடிப்பகுதியையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

வெளியே போய் அதே அறையின் சுவரோரம் மண் மட்டம் எவ்வளவு என்று பாருங்கள். உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழ்வாக இருக்க வேண்டும். பல வருடம் குப்பையும் எருவும் சேர்ந்து மேடாகியிருப்பதுதான் பெரும்பாலும் நோய்க்குக் காரணம்.

கூரைக்கு ஏணி போட்டு உள்ளிருந்து பாருங்கள். உத்தரத்தின் நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும், சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உளுத்தது வெண்ணெய் போல வழிவிடும். மரத்தில் உள்ள சின்னத் துளைக்குக் கீழே மாவு போன்ற புதுத்தூள் விழுந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. துளை கறுத்துத் தூள் இல்லாமல் இருந்தால் அநேகமாகப் பழைய சேதம். சுவரில் விரல் தடிமனில் மண் குழாய் ஏறியிருந்தால் கரையான்.

தொழுவத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் சோதிக்கிறேன் என்று அதை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். பிரிக்கும் செலவைத் தனியாகக் கணக்கில் வையுங்கள்.

ஊற்றுக்கண்

வீடு பழுதானால் பார்த்துக்கொள்ளலாம், தண்ணீர் இல்லாத நிலத்தை என்ன செய்வது? மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் என்னைக் கேட்டால் கிணறுதான் முதலில்.

கோடையின் கடைசியில் சோதியுங்கள். மழை முடிந்த கையோடு காட்டப்படும் கிணறு எதையும் சொல்லாது. அடையாளமிட்ட கயிற்றால் நீர்மட்டத்தை அளந்துவிட்டு, பம்ப் போட்டு முடிந்தவரை இறையுங்கள். பிறகு அரை மணிக்கு ஒரு முறை ஊறி ஏறும் உயரத்தைக் குறியுங்கள். 3 மீட்டர் விட்டத்தில் 10 செ.மீ. ஏறினால் ஏறக்குறைய 700 லிட்டர். மணிக்கு 10 செ.மீ. என்றால் நாளுக்குச் சுமார் 17,000 லிட்டர் என்று தோன்றும், ஆனால் மட்டம் உயர உயர ஊற்றின் வேகம் குறையும் என்பதால் அதை முழுசாக நம்ப வேண்டாம்.

செலவுப் பக்கம்: வெயில் காலத்தில் ஒரு கறவை மாடு நாளுக்கு 100 லிட்டர் வரை குடிக்கும், ஆறுக்கு 600. கால் ஹெக்டேர் தோட்டம் முழுவதும் நாளுக்கு 5 மி.மீ. நீர் கேட்டால் 12,500 லிட்டர். தண்ணீரைத் தின்பது மாடு அல்ல, தோட்டம்.

நீரை ஆய்வகத்தில் கொடுங்கள். 100 மில்லியில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) ஒன்றும் இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. எருக்குழியோ கழிவுத்தொட்டியோ கிணற்றுக்கு 30 மீட்டருக்குள், அதிலும் மேட்டுப் பக்கத்தில் இருந்தால் அதை இடம் மாற்றும் செலவையும் சேருங்கள்.

பச்சைப்புல்

"ஆறு மாடு தாராளமாக" என்ற பேச்சை நம்புவதற்கு முன் அளந்து பார்க்கலாம். அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் வீசி, உள்ளே விழும் புல்லை அடியோடு அறுத்து, மொறுமொறுவென்று காயவைத்து எடை போடுங்கள். சராசரி கிராமை 40ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ உலர்புல் என்பது கிடைக்கும்.

50 கிராம் வந்தால் ஹெக்டேருக்கு 2,000 கிலோ. பாதியை விட்டுவைத்தால்தான் புல் மறுபடி தழைக்கும், ஆக 3 ஹெக்டேரில் மேயக் கிடைப்பது 3,000 கிலோ. 400 கிலோ எடையுள்ள மாடு தன் எடையில் 2.5 சதவீதம், அதாவது நாளுக்கு 10 கிலோ உலர்தீவனம் தின்னும். ஆறு மாட்டுக்கு 60 கிலோ, 50 நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் புல் மறுபடி அதே அளவு வளருமா என்பதே கேள்வி. வறண்ட மாதத்தில் வளராது. அப்போது எத்தனை மாதம் வைக்கோல் வாங்க வேண்டியிருந்தது என்று விற்பவரிடமே நேரடியாகக் கேளுங்கள்.

வேலியோரம் அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி போன்ற விஷச்செடிகள் இருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். மேய்ச்சல் பசுமையாக இருக்கும்போது மாடு இவற்றைப் பொதுவாக ஒதுக்கும், புல் குறைந்ததும் வாய் வைக்கும். வெட்டிப் போட்ட அரளிக்கிளை காய்ந்த பிறகும் விஷம்தான்.

திண்ணைநிழல்

மூவருக்கும் நன்றி. அந்த அறைக்கு வெளியே போய்ப் பார்த்தேன், மண் மட்டம் உள்தரைக்குச் சமமாக இருக்கிறது, கூரைத் தண்ணீரும் அங்கேயே விழுகிறது. மண்ணை எடுத்துவிட்டால் போதுமா? பழைய தொழுவத்தைச் சுற்றிக் கம்பித் துண்டுகளும் ஆணிகளும் கிடக்கின்றன, அது பிரச்சினையா?

காரைக்கரண்டி

மண்ணை எடுங்கள், ஆனால் அடித்தளக் கல்லுக்குக் கீழே தோண்டாதீர்கள், சுவர் இறங்கும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தாலே 1,000 லிட்டர். அதைக் கூரை ஓரத்தில் தகர வாய்க்கால் போட்டுச் சுவரைவிட்டு அப்பால் கொண்டுபோக வேண்டும். பிறகு கீழ்ப்பகுதிச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். ஈரச் சுவரில் உடனே சுண்ணாம்புக் காரை பூசினால் அதுவும் உப்புப் பூத்து உதிரும்.

பச்சைப்புல்

கம்பி பெரிய பிரச்சினை. மாடு தீவனத்தைப் பிரித்துப் பார்த்துத் தின்னாது. ஆணி மாட்டின் நான்கு அறை வயிற்றில் இரண்டாம் அறையில் தங்கி, குத்திக்கொண்டு இதயம் வரை போய்விடும். ஒரு வலுவான காந்தத்தைப் பலகையில் கட்டித் தொழுவத்தைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இழுங்கள். மழை பெய்து மண் கரைந்த பிறகு இன்னொரு முறை இழுங்கள், புதைந்தவை அப்போதுதான் மேலே வரும்.

ஊற்றுக்கண்

ஒன்று விட்டுப்போனது. கிணற்றில் பக்கத்து நிலத்துக்காரருக்குப் பங்கு உண்டா, மேய்ச்சலுக்கு நடுவே வேறு யாருக்காவது வழிப்பாதை உரிமை உண்டா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள், அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். நில அளவையாளரை வைத்து எல்லைக்கல்லை அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரும் கூட நிற்கட்டும். பம்ப், வேலிக்கதவு, தண்ணீர்த் தொட்டி, நிற்கும் மரங்கள் எல்லாம் விலையில் சேர்ந்தவையா என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.