காணாமப்போன பூனை, மிரண்டு ஓடின நாய்: பொள்ளாச்சி–சித்தூர் பக்கம் பார்த்ததைச் சொல்லுங்க

ஆழியாத்துக்கரை
மட்டைக் குவியலுக்குள்ள ரெண்டு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான் தெரிஞ்சுது. வீட்டுக்குள்ளயே வளந்த பூனை அது. வீட்டுக்காரங்க மூணு வீதி தள்ளி நோட்டீஸ் ஒட்டிட்டிருக்க, அது கிடந்தது பக்கத்து வீட்டுத் தோப்புல. ஊரே பேர் சொல்லிக் கூப்பிட்டும் ஒரு சத்தம் குடுக்கல. மிரண்ட பூனை வாயைத் திறக்காது. டார்ச்தான் காட்டிக்குடுத்துது. இடுப்புல பிடிச்சு அடிச்சா கண்ணு மின்னாதுங்க, நெத்திப்பொட்டை ஒட்டிப் பிடிக்கோணும். பூனைக் கண்ணுல பட்ட வெளிச்சம் வந்த வழியேதான் திரும்பும். ராத்திரி 11 மணிக்கு மேல, மோட்டார் ஓடாத நேரமாப் பாருங்க. மட்டைக் குவியல், மோட்டார் ரூம், கொப்பரைக் களத்துத் தார்ப்பாய், மாட்டுத் தொட்டி அடி, ஓட்டுக்கும் மச்சுக்கும் இடையில. வீட்டுக்காரங்ககிட்ட "பாத்தீங்களா"ன்னு கேட்டா "இல்லை"ம்பாங்க. "நானே குனிஞ்சு பாத்துக்கட்டுமா"ன்னு கேளுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
கூப்பிடறதே வீண்ங்கிற மாதிரி சொல்லாதீங்க. ஊரு கூப்பிட்டாத்தான் பதுங்கும். சோறு வைக்கிற ஆள் ஒருத்தர் மட்டும், தட்டு வைக்கிற அதே நேரத்துல, வழக்கமான குரல்ல கூப்பிட்டுட்டு அஞ்சு நிமிஷம் அசையாம நிக்கோணும். இங்க ஒரு பாப்பா அப்படி நின்னப்பத்தான் தரை மட்டக் கிணத்துக்குள்ள இருந்து "ம்யா"ன்னு வந்துது.

கிணறுன்னா முதல்ல மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கி வைங்க. உச்சி வெயில்ல கண்ணாடி வெச்சு வெளிச்சத்தை உள்ள திருப்புனா பைப் இடுக்கு, கல் பொந்து எல்லாம் டார்ச்சை விட நல்லாத் தெரியும். கூடையில பழைய துணி போட்டு, சாயாம நாலு பக்கமும் கயிறு கட்டி, பூனை நிக்கிற மட்டத்துல கல்லோட ஒட்டி இறக்கி விட்டுட்டுத் தள்ளி இருங்க. தானா ஏறும். தலைக்கு மேல ஆள் எட்டிப் பாத்தா ஏறாது. ஆள் மட்டும் இறங்க வேண்டாம். பாழுங்கிணத்துல காத்து இருக்காது, பூனைக்கு முன்னால மனுசன் போயிருவான். 101க்குக் கூப்பிடுங்க.

லாரி செட்
தோப்பு, கிணறு எல்லாம் சரி. லோடு ஏத்துற இடத்தை யாருமே சொல்லலையே? திருச்சூர்ல தேங்காய் லோடு தார்ப்பாயை அவிழ்க்கும்போது பொள்ளாச்சிப் பூனை குதிச்சு ஓடுச்சு. டிரைவர் அதை போட்டோ எடுத்ததாலதான் விஷயமே தெரிஞ்சது. காணாமப் போன ராத்திரி பக்கத்துக் களத்துல எந்த வண்டி நின்னது, எங்க இறக்கினாங்கன்னு மறுநாளே கேட்டு வாங்குங்க. நாளானா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நோட்டீஸ் தமிழ்லயும் மலையாளத்துலயும் இருக்கணும். கோபாலபுரம் தாண்டினா ரெண்டும் படிக்கிற ஆளும் உண்டு, ஒண்ணே படிக்கிற ஆளும் உண்டு. கதை எழுதாதீங்க. ஒரு போட்டோ, "பூனை காணவில்லை", போன் நம்பர், அவ்வளவு போதும். பைக்ல போறவன் படிக்கிற அளவுக்கு நம்பர் ரெண்டு இன்ச் உயரம் வேணும். இங்க்ஜெட் பிரிண்ட் முதல் மழைக்கே கரையும், லேசர் எடுங்க. பிளாஸ்டிக் கவரோட வாய் கீழ பாத்து இருக்கட்டும். பால் சொசைட்டி, ரேஷன் கடை, பேக்கரி, செக்போஸ்ட் டீக்கடை, இந்த நாலு இடம் நூறு கம்பத்துக்குச் சமம்.

ஒரு அடையாளத்தை மட்டும் நோட்டீஸ்ல போடாதீங்க. வால் நுனி வளைவு, வயித்துல மச்சம் மாதிரி. "உங்க பூனை எங்கிட்ட இருக்கு, வண்டிச் செலவுக்கு ஜிபே பண்ணுங்க"ன்னு போன் வரும், வந்தே தீரும். அந்த அடையாளத்தைக் கேளுங்க, வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. காசு அனுப்பாதீங்க.

கொல்லங்கோடு ரோடு
எல்லாரும் பூனையவே சொல்றீங்க. நெம்மாறை–வல்லங்கி வேலாத் திருவிழா வெடிக்கு மிரண்டு ஓடின லேப்ரடார் நாய், வீட்டுக்காரரைப் பாத்ததும் திரும்பி ரயில் பாதைப் பக்கம் பறந்துது. அவர் செஞ்சது, பேரைக் கத்திட்டுப் பின்னால ஓடினது. பயத்துல இருக்கிற நாய்க்கு, துரத்துறவர் யாரா இருந்தாலும் துரத்துறவர்தான். பக்கவாட்டுல திரும்பி உக்காருங்க, கண்ணைப் பாக்காதீங்க, கோழி ஈரலைப் பக்கத்துல பக்கத்துலயாப் போடுங்க. கூட வளர்ற நாய் இருந்தா கயித்துல கட்டிக் கூட்டிட்டுப் போங்க, அதைப் பாத்துக் கிட்ட வரும்.

சித்தூர்ப் பக்கம் கள்ளு இறக்கறவங்ககிட்ட கேளுங்க. விடியக்காலையும் சாயங்காலமும் மரத்து மேல இருக்காங்க, தோப்புக்குள்ள எது நடமாடினாலும் கண்ணுல படும். நாய் கழுத்துத் தோலுக்கடியில அடையாளச் சிப் இருந்தா அதோட 15 இலக்க நம்பரைக் கால்நடை டாக்டர்கிட்டக் குடுத்து வைங்க. சிப்பைப் படிக்கிற ஸ்கேனர் இல்லாத ஆஸ்பத்திரிதான் அதிகம், அதனால கழுத்துப் பட்டையில போன் நம்பரும் வேணும். பிடிக்கும்போது கடிச்சா, அது உங்க நாயாவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போங்க.

ஆழியாத்துக்கரை
சோறு வைக்கிற ஆள் மட்டுமே கூப்பிடணும்கிறது சரிதான் கொழிஞ்சாம்பாறைக்காரரே, ஆனா கண்டுபிடிச்சாலும் கைக்கு வராத பூனைக்குக் கூண்டுதான். மூணடி நீளம், ஓரடி உயரம். பொரிச்ச மத்தியை மிதிபலகைக்கு அப்பால, கடைசி ஓரத்துல வைங்க. முன்னால வெச்சா பாதி உடம்பு வெளிய இருக்கும்போதே கதவு விழும். கம்பித் தரையில பூனை கால் வைக்காது, பேப்பர் விரிங்க. தோப்புல எறும்பு மொய்ச்சா மீன் கிண்ணத்தைத் தண்ணித் தட்டுக்கு நடுவுல வைங்க. முதல் ராத்திரி கதவு விழாம திறந்தபடியே கட்டி வெச்சுச் சும்மா தின்னட்டும். அப்புறம் மணிக்கொருக்கா எட்ட நின்னு பாருங்க. மாட்டினதும் சாக்கால முழுசா மூடித் தூக்கி, ரூம் கதவு, ஜன்னல் சாத்தின பின்னாடி திறங்க.

லாரி செட்
மரநாய் மாட்டினா?

ஆழியாத்துக்கரை
அடிக்கடி மாட்டும். பின்னால நின்னு குச்சியால கதவைத் தூக்குனாப் போதும், அதுவாப் போயிரும். வனவிலங்குச் சட்டத்துல வர்ற பிராணி, வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து போட்டோ எடுக்காதீங்க. கூண்டை நல்லாக் கழுவுங்க. அந்த வாடை இருந்தா பூனை அந்தப் பக்கமே வராது.