புரோடீனியா என்று நினைத்துப் படைப்புழுவுக்கு விருந்து வைத்த கதை

2018 புரட்டாசியில் மூன்று ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம் போட்டிருந்தேன். பெரம்பலூர் பக்கம், கரிசல். இருபதாம் நாள் இலையெல்லாம் சல்லடை. "நம்ம புரோடீனியாதான்டா" என்றார் சித்தப்பா. நிலக்கடலையில் அந்த இலைதின்னும் புழுவோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர், நான் மறுபேச்சு பேசவில்லை.

புரோடீனியா பகலில் மண்வெடிப்பிலும் செடியின் தூரிலும் பதுங்கிக்கொண்டு, இருட்டியதும் மேலேறும். அதனால் சாயங்காலம் தவிட்டில் வெல்லமும் மருந்தும் பிசைந்து உருட்டி வைப்பது எங்கள் வழக்கம். இங்கேயும் வைத்தோம். விடிந்து பார்த்தால் உருண்டை வைத்தது வைத்தபடி. அப்புறம் டேங்க் டேங்காக இலைமேல் அடித்ததும் வீண்.

ஒரு செடியைப் பிடுங்கிக் குருத்தைப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஈர மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்துக் கிடக்க, அதற்கடியில் ஒரே ஒரு புழு. கூடப் பிறந்ததையே தின்னும் ஜாதி, அதனால் வளர்ந்தபின் குருத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். நெற்றியில் தலைகீழாக ஒரு ‘ஒய்’, வால் பக்கம் சதுரம் போட்ட மாதிரி நான்கு கரும்புள்ளி. அந்தச் சதுரம் புரோடீனியாவில் கிடையாது. வந்திருந்தது அமெரிக்கப் படைப்புழு. அந்த வருஷம்தான் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டார்கள், சில மாதத்தில் எங்கள் காட்டுக்கே வந்துவிட்டது.

தாய்ப்பூச்சியில் ஏமாறுவது இன்னும் சுலபம். இரண்டும் முட்டையைக் குவியலாக இட்டு ரோமத்தால் மூடும். விளக்குப்பொறியில் விழுந்ததை வெள்ளைத்தாளில் பரப்பிப் பார்த்தேன். புரோடீனியாவின் முன்னிறக்கையில் வெளிறிய கோடுகள் பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். படைப்புழுவின் ஆணுக்கு இறக்கை நுனியில் வெள்ளைத்திட்டு. பெண்ணோ வெறும் சாம்பல், அதைக் கண்டுபிடிப்பதற்குள் கண்ணே போய்விடும்.

இப்போது பதினைந்தாம் நாளிலிருந்தே குருத்துகளைப் பிரித்துப் பார்க்கிறேன். மருந்தானாலும் வேப்பங்கொட்டைக் கரைசலானாலும் நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடிக்கிறேன். நிலக்கடலை வரப்பில் மட்டும் பழையபடி ஆமணக்கு. புரோடீனியா அதில்தான் முதலில் முட்டையிடும், இலையோடு கிள்ளி நசுக்கிவிடலாம்.

மக்காச்சோளத்துக்கும் வரப்பில் ஆமணக்கு போடச் சொன்னார் சித்தப்பா. அவர் மனசுக்காகப் போட்டேன். அதில் புரோடீனியாதான் வருகிறது.