கென் கிளார்க்கை நேரில் பார்த்த நாள்

நாட்டிங்ஹாமில் நர்ஸ் வேலை கிடைத்து 2008-ல் வந்தேன். வீடு வெஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டில். ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் சிக்ஸர் பறந்தால் எங்கள் சமையலறை வரை சத்தம் கேட்கும். இந்தியர்களும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இங்கே ஓட்டுப் போடலாம் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. தொகுதி ரஷ்கிளிஃப். 1970 முதல் எம்.பி. கென் கிளார்க்தான், கன்சர்வேடிவ் கட்சி.

2010, 2015 இரண்டிலும் அவருக்கு நான் போடவில்லை. மருத்துவமனை வார்டில் என்னோடு வேலை செய்த மூத்தவர்களுக்கு அவர்மேல் பழைய கோபம். 1988 முதல் 1990 வரை அவர் சுகாதார அமைச்சர். அரசு மருத்துவச் சேவைக்குள் சந்தை முறையைக் கொண்டுவரும் திட்டத்தை முன்வைத்தார். ஆம்புலன்ஸ் ஊழியர்களோடு மாதக்கணக்கில் மோதல் நடந்தது. மருத்துவர் சங்கம் ஊரெங்கும் பேனர் வைத்ததாம்: மருத்துவரின் ஆலோசனையைக் கேட்காத ஒருவரை எப்படி அழைப்பீர்கள்? மிஸ்டர் கிளார்க்! மிதவாதி என்று பெயரே தவிர, சண்டைக்கு அஞ்சுகிற ஆள் இல்லை.

அப்புறம் 2016 வாக்கெடுப்பு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று முடிவானது. எங்கள் தொகுதியில் பெரும்பான்மை தொடர்ந்து இருக்கத்தான் வாக்களித்திருந்தது. விலகலைத் தொடங்குவதற்கான மசோதா 2017 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது, லீவு போட்டுவிட்டு லண்டனுக்கு ரயில் ஏறினேன். வரிசையில் நின்று, சோதனை முடிந்து, பார்வையாளர் மாடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்து பருத்த உருவம் ஒன்று எழுந்தது. கிளார்க்தான், 76 வயது. சொந்த அரசின் மசோதாவை எதிர்த்துப் பேசினார். முயலைப் பின்தொடர்ந்து வளைக்குள் இறங்கினால் அந்தப் பக்கம் ஓர் அதிசய உலகம், அங்கே நாடுகள் எல்லாம் நமக்கு வணிகச் சலுகை தரக் காத்து நிற்கின்றனவாம் என்றார். சபை சிரித்தது. அவர் குரலில் பதற்றமே இல்லை. எனக்குத்தான் கை வியர்த்தது. மறுநாள் வாக்கெடுப்பில் மசோதாவுக்கு ஆதரவாக 498, எதிராக 114. எதிர்த்து வாக்களித்த ஒரே கன்சர்வேடிவ் எம்.பி. அவர்.

ரயிலில் திரும்பும்போது அவரைப் பற்றி ஃபோனில் படித்துக்கொண்டே வந்தேன். உள்துறை, நிதி என்று பெரிய பதவிகளைப் பார்த்தவர். 1993 முதல் 1997 வரை நிதியமைச்சர். கட்சித் தலைமைக்கு மூன்று முறை நின்றார். 1997-ல் முதல் இரண்டு சுற்றிலும் முன்னணி. கடைசிச் சுற்றில் வில்லியம் ஹேக்கிடம் 92-70 என்று தோல்வி. 2001-ல் எம்.பி.க்கள் அவரை முதலிடத்தில் வைத்தார்கள், கட்சி உறுப்பினர்கள் இயன் டங்கன் ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2005-ல் முதல் சுற்றோடு சரி. ஐரோப்பா விஷயத்தில் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் தலைவராகியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2003 ஈராக் போரையும் எதிர்த்து வாக்களித்தவர்.

அந்த ஜூன் தேர்தலில் அவருக்குப் போட்டேன். வார்டில் சொன்னபோது ஓர் அக்கா இரண்டு நாள் பேசவில்லை.

2019 ஏப்ரல் 1 இரவு தூங்காமல் டி.வி. முன்னால் இருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்திலாவது, அதாவது தங்களுக்குள் சுங்க வரி வாங்காத ஏற்பாட்டிலாவது, நீடிக்கலாம் என்ற அவருடைய தீர்மானம் 273-க்கு 276, மூன்றே ஓட்டில் போனது. இன்றும் அந்த மூன்று ஓட்டை நினைத்தால் மனசு ஆறவில்லை. செப்டம்பர் 3 அன்று, ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதைத் தடுக்க எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்த 21 கன்சர்வேடிவ் எம்.பி.க்களையும் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அவர்களில் சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸும் ஒருவர். 'சபையின் தந்தை' என்று மதிக்கப்பட்ட மூத்த உறுப்பினர் கிளார்க்குக்கும் அதேதான்.

டிசம்பரில் தேர்தல். அவர் நிற்கவில்லை. நூலில் கட்டிய பென்சிலைக் கையில் எடுத்து, சீட்டை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன்.