காட்டுக்குப் போய் வந்தபின் இன்னும் மனதை உறுத்துவது எது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கூடலூர்க்காரன் (தேனி)

தேக்கடி போகாதவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் ஏரி, படகு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். நான் போனது நடைப்பயணம். கட்டணத்தைக் கேட்டதும் "நடக்கறதுக்கு இவ்வளவா?" என்று கவுண்டரில் சத்தமாகவே பேசிவிட்டேன். எங்களோடு வரவேண்டிய கைடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். எதுவும் சொல்லவில்லை. அட்டை ஏறாமலிருக்கக் காலுறை கொடுத்தார், முன்னால் நடந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றார். எப்போதோ வெட்டப்பட்ட மரம். அதிலிருந்து நாலைந்து கிளைகள் கிளம்பித் தொடை மொத்தத்துக்கு வளர்ந்திருந்தன. ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். பிரியாணி வாசம். "இத வெட்டினது நாங்கதான் சார்" என்றார்.

வயணப்பட்டைக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்த 23 பேர் 1990களின் இறுதியில் வனத்துறையிடம் வந்து சேர்ந்தார்கள். வழக்குகள் கைவிடப்பட்டன. அவர்களே குழுவாகி, பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போவதும் இரவில் ரோந்து சுற்றுவதும் தொழிலாயிற்று. நாம் கட்டும் பணம்தான் அவர்களுக்குச் சம்பளம். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆனால் கவுண்டரில் பேரம் பேசியபோது ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்ப ரெண்டு பயம் சார். யானை, ஃபாரஸ்ட் கார்டு. இப்ப யானை மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கிளையைத் தடவினார், பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல. திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. கை கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

---

அடையாறு அலை

எனக்கு ஆமை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஆமை நடை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் பிள்ளைகள் இரவெல்லாம் மணலில் நடப்பார்கள், நாமும் சேர்ந்துகொள்ளலாம். 1988 முதல் நடத்துகிறார்கள். ஊர் விளக்கும் தெருநாயும் இருக்கிற கடற்கரையில் முட்டைகள் அப்படியே கிடந்தால் பிழைக்காது என்பதால், எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள்.

என் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நான்தான் கூட்டிப்போனேன். நீலாங்கரையில் ஆரம்பித்துப் பாதி தூரம் வந்திருப்போம், அலையிலிருந்து ஒரு பங்குனி ஆமை ஏறியது. முட்டையிட ஆரம்பித்துவிட்டால் அது சுற்றி நடப்பதை அவ்வளவாகக் கவனிக்காது. அதற்கு முன்னால்தான் வெளிச்சம் படக்கூடாது. ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். இவன் ஃபிளாஷ் அடித்துவிட்டான்.

ஆமை நின்றது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் அவ்வளவு பாரத்தையும் இழுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. முட்டையிடவில்லை. மணலில் வளைந்து திரும்பிய தடம் மட்டும் இருந்தது. கூட்டிவந்த கல்லூரிப் பெண் எங்களைத் திட்டவில்லை. நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு, "சரி, நடக்கலாம்" என்றாள்.

2025 ஜனவரியில் எங்கள் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கினால் மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துவிடும். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அன்று திரும்பிப்போனதுதான் நினைவுக்கு வந்தது.

---

திருகோணமலைப் பிள்ளை

என்ர அம்மம்மா உகந்தையிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போனவர். குமண, யால என்று நாங்கள் இன்றைக்கு டிக்கெட் எடுத்துப் பார்க்கிற காட்டுக்குள்ளால்தான் அந்தப் பாதயாத்திரை. சிறுத்தை, கரடி, யானை எல்லாம் இருக்கிற இடம். வழியில் யானை நின்றால் "அரோகரா" சொல்லிவிட்டுக் காத்திருப்போம், அது போனபிறகுதான் நடப்போம் என்பார்.

நான் போனது ஜீப்பில். திஸ்ஸவிலிருந்து விடிய முதல் புறப்பட்டோம். யால காட்டின் முதலாம் வலயம். ஓட்டுநரின் தொலைபேசி அடித்தது, எங்கேயோ சிறுத்தை நிற்கிறதாம். அவ்வளவுதான். அந்தப் புழுதிப் பாதையில் எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். போய்ச் சேரும்போது முன்னுக்கும் பின்னுக்குமாக முப்பதுக்குக் குறையாத ஜீப்புகள். தாய்ச் சிறுத்தை பாதையின் இந்தப் பக்கம், குட்டி அந்தப் பக்கம். நடுவில் நாங்கள். தாய் ஒரு ஜீப்புக்கும் அடுத்த ஜீப்புக்கும் இடையால் தலையை நீட்டிப் பார்த்தது. உடனே ஒரு வண்டி முன்னுக்கு நகர்ந்து அந்த இடைவெளியையும் அடைத்தது. எங்கட வண்டிதான் அது. நல்ல படம் கிடைத்தது என்று பக்கத்தில் இருந்தவர் ஓட்டுநரின் தோளில் தட்டினார்.

இந்த ஓட்டுநர்கள் திருந்தாவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது.

---

மசினகுடி ஜீப்

@திருகோணமலைப் பிள்ளை, தங்கச்சியா தம்பியா தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஓட்டுநரின் தோளைத் தட்டியவர் யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புலி காட்டினால் ஐந்நூறு, காட்டாவிட்டால் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போவார்கள். நான் பதினோரு வருடம் ஜீப் ஓட்டியவன். வண்டிக் கடன் மாதாமாதம் கட்ட வேண்டும். டீசல் போட வேண்டும். ஓட்டுநர் மட்டும் எப்படித் திருந்துவது?

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இரவுச் சவாரி கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டினேன். ஒருமுறை ஒரு குடும்பம், கூடுதல் பணம் தருகிறோம் என்றார்கள். மாயார் ரோட்டில் ஒரு பெண் யானை, காலுக்கடியில் குட்டி. ஸ்பாட்லைட்டை நேராக முகத்தில் அடித்தேன். அது ஓடவும் இல்லை, பிளிறவும் இல்லை. கண் கூசிப்போய், துதிக்கையால் குட்டி எங்கே இருக்கிறது என்று தடவித் தேடியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தத் துதிக்கை தேடிய விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

2021 ஜனவரியில் ஒரு யானைமேல் தீயை எறிந்தார்களே, காதெல்லாம் வெந்து செத்துப்போனதே, அது எங்கள் ஊர்தான். அதன் துதிக்கையைத் தடவி வனத்துறை ஊழியர் ஒருவர் அழுத வீடியோவை நாடே பார்த்தது. அன்றைக்கு என் மகள் "நீயும் இப்படி ஏதாவது செஞ்சிருக்கியாப்பா?" என்று கேட்டாள். ஸ்பாட்லைட்டைக் கழற்றிவிட்டேன்.

அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் யானை வழித்தட வழக்கில் ரிசார்ட்டுகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. தீர்ப்பு சரியானதுதான், யானைக்கு வழி வேண்டும். ஆனால் ரிசார்ட்டில் பாத்திரம் கழுவியவர்கள், தோட்டவேலை பார்த்த இருளர் பெண்கள், எங்களைப் போன்ற ஓட்டுநர்கள் அடுத்து என்ன செய்வது என்று யாராவது உட்கார்ந்து பேசினார்களா? கூடலூர்க்காரர் சொன்னதுபோல் 23 பேரைக் கூப்பிட்டு வேலை கொடுக்கத் தேக்கடியில் முடிந்ததே.

---

வால்பாறை மழை

என் அனுபவம் சின்னது. புதுத்தோட்டம் ரோட்டில் காரை நிறுத்தி ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை நீட்ட, சிங்கவால் குரங்கு ஒன்று வாங்கியது. சிப்ஸ் தீர்ந்ததும் உப்பு ஒட்டிய பாக்கெட்டையும் கிழித்து மென்று விழுங்கியது. உலகத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு. அவ்வளவுதான்.

இனி வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும். பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்காதீர்கள், பழகிப்போய் வண்டிக்கு நடுவே வந்துவிடுகின்றன. குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். அதை நிமிர்ந்து பாருங்கள், அங்கே வேகத்தைக் குறையுங்கள். குரங்குக்குக் காவல் நிற்கும் உள்ளூர் ஆள் கை காட்டினால் வாக்குவாதம் செய்யாதீர்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கிற வேலை அது. மாலையில் ஏதாவது ஒரு முனையில் சிவப்பு விளக்கு மின்னினால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். அலங்கார விளக்கு என்று நினைத்து அந்தப் பக்கம் நடந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தோட்டத் தொழிலாளர்கள் உயிரோடு வீடு திரும்புவதற்காக வைத்தது.

அறை எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வேலை செய்கிறவர்கள் உள்ளூர்க்காரர்களா, குப்பை எங்கே போகிறது, இரவில் தோட்டத்தில் விளக்குப் போடுவீர்களா. "ராத்திரி யானை காட்டுவோம்" என்று பெருமையாகச் சொல்கிற இடத்தில் தங்காதீர்கள். வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவருவதைவிட இங்கேயே பறவை பார்க்கப் பழகிய பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். இருவாச்சி எந்த மரத்துக்கு எந்த மாதம் வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கூடு இருக்கும் மரத்தடியில் நிற்காதீர்கள். உள்ளே பெட்டை பொந்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆணுக்கு நம்மைக் கண்டு பயம் வந்தால் இரை கொண்டுவராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மசினகுடி அண்ணன் கேட்ட கேள்விக்கும் இதில்தான் பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

அடையாறு அலை

@வால்பாறை மழை, பாதிப் பதில்கூட இல்லை. கூலி கொடுக்கத் தயாராக இருப்பவர் ஒருவர் வந்தால், ஃபிளாஷ் அடிக்கிறவர்கள் ஐம்பது பேர் வருகிறார்கள். @மசினகுடி ஜீப், நீங்கள் எழுதியதை என் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

---

கூந்தன்குளம் பேத்தி

திருநெல்வேலி பக்கம் எங்கள் ஊர். சரணாலயம் என்று அரசாங்கம் 1994ல்தான் சொன்னது, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்கள் வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. வாசலெல்லாம் எச்சமும் மீன் நாற்றமும்தான். யாரும் விரட்டமாட்டோம், தீபாவளிக்கு வெடியும் போடமாட்டோம்.

ஒரு மார்ச் மாதம், பெரிய லென்ஸ் வைத்திருந்த ஒருவர் எங்கள் வேப்பமரத்தைப் பார்த்துக் கைதட்டினார். பறக்கிற படம் வேண்டுமாம். எழும்பவில்லை என்றதும் சின்னக் கல்லை எடுத்து வீசினார். மரம் மொத்தமும் எழுந்தது. அந்தக் கலவரத்தில் ஒரு குஞ்சு கீழே விழுந்துவிட்டது. ஆச்சி முந்தானையில் அதை ஏந்திக்கொண்டு வந்து, "இதை வச்சுக்கோ. நான் வயக்காட்டுக்குப் போகணும், நீ மீன் ஊட்டு" என்று அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் சாயங்காலம்வரை எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் மீனைக் கிள்ளிக் கொடுக்க, அவர் ஊட்டினார். போகும்போது பணம் நீட்டினார், ஆச்சி வாங்கவில்லை. குஞ்சு நாலு நாள் இருந்தது. அதற்கப்புறம் அவர் போன் செய்து கேட்டார். நான்தான் எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டேன்.