ட்ரையர் பைப்புல வீணாப் போற சூட்டை கரண்டாக்கலாமா?

நோர்வூட்_சாரல்:
எங்க தேயிலை பெக்டரி ட்ரையர்ல இருந்து வெளிய போற காத்து 50 பாகை, நைட் ஷிப்ட்ல வெளிய 15 தான், பைப்பைத் தொட்டா கை சுடுது, அம்புட்டு சூடும் பனியோட பனியா போகுது. சூட்டு வித்தியாசத்துல கரண்ட் தர்ற, ரப்பர் மாதிரி வளையுற ஜெல் செல் வந்திருக்கு, பைப்பை சுத்தி ஒட்டிரலாம். உள்ள பெரோசயனைட், பெரிசயனைட்னு ரெண்டு இரும்பு உப்பு. சூட்டுப் பக்கம் ஒண்ணு எலக்ட்ரானை விடும், குளிர் பக்கம் மத்தது வாங்கும், பிறகு ரெண்டும் ஜெல்லுக்குள்ளயே இடம் மாறிக்கும், எதுவும் தீராது. ஒரு பாகை வித்தியாசத்துக்கு 1.4 மில்லிவோல்ட், வழக்கமா இந்த வேலைக்கு வைக்கிற பிஸ்மத் டெலுரைட்ல 0.2 தான். நாங்க இருக்கிற லயத்து வீடுகளுக்கு லைட் போடலாமே?

ட்ரையர்காரன்:
தம்பி, 19 வருசமா ட்ரையர் பக்கம் நிக்கிறவன் சொல்றேன், சூட்டை சூடாவே எடுங்க. அந்த காத்துல ஈரமும் தூசும் இருக்கு, நேரா கொழுந்து வாட்டுற தொட்டிக்கு விட முடியாது, நடுவுல தகட்டுப் பெட்டி வச்சு, ரெண்டு காத்தும் கலக்காம தகடு வழியா புதுக்காத்தை சூடாக்கணும், மழை நாள்ல கொழுந்து தண்ணி சொட்ட வரும்போது விறகு எவ்வளவு மிஞ்சும்னு எனக்குத்தான் தெரியும். 50க்கும் 15க்கும் நடுவுல எந்த மெசின் வச்சாலும் சூட்டுல நூத்துக்கு 11 பங்கு கரண்டாகுறதுதான் உச்சம். 2020-ல வூஹான்ல செஞ்ச நல்ல செல்லே அந்த உச்சத்துல பத்துல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல. 20 செல், 50 பாகை வித்தியாசம், கிடைச்சது 120 மில்லிவாட். இதுல எங்க லயத்துக்கு லைட்டு?

நோர்வூட்_சாரல்:
அண்ணே, அது சின்ன செல். பைப்பு நீளம் முழுக்க ஒட்டினா?

பண்டாரவளை_டீச்சர்:
நீளம் பிரச்சினை இல்ல தம்பி, 50க்கும் 15க்கும் உள்ள 35 பாகை வித்தியாசம் முழுசா ஜெல்லுக்கு கிடைக்காது. 2 மில்லிமீட்டர் ஜெல் வழியா சூடு சுலபமா போயிரும், ஆனா அசையாத காத்துக்குள்ள இறங்க மாட்டேங்குது, அதனால வித்தியாசம் பூரா காத்துலயே விழுந்து ஜெல்லுக்கு 1 பாகை மிஞ்சினா பெரிசு. வெளிப்பக்கம் பீலித் தண்ணிய (மலையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணி) ஓடவிட்டாலும் 3 பாகைதான் வரும், உள்பக்கம் காத்துதானே. இன்னொண்ணு, சயனைட்னு பேர் இருக்கேன்னு தேயிலைக்கிட்ட பயப்பட வேணாம், சாப்பாட்டு உப்பு கட்டியாகாம சேர்க்கிற பொருள்தான் பெரோசயனைட், கடும் அமிலம் மட்டும் படக்கூடாது. ஆனா அந்த சூட்டுல ஜெல் காஞ்சிரும், நல்லா மூடி ஒட்டணும்.

நோர்வூட்_சாரல்:
சரி டீச்சர், லைட் விட்டுட்டேன். ஆனா 3 பாகைன்னா செல்லுக்கு 4 மில்லிவோல்ட், 30 செல் தொடரா போட்டா 120. 20 மில்லிவோல்ட்லயே தொடங்கி வோல்ட்டை ஏத்திக் குடுக்குற சின்ன போர்ட் கடையில இருக்கு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ட்ரையர் சூட்டை அளந்து அனுப்புற சென்சருக்கு அது போதும், பெட்டரி மாத்த யாரும் மேல ஏற வேணாம்.

ட்ரையர்காரன்:
அது நல்லாருக்கு. போன மாசம் அந்த பைப்புல ஏறினப்ப மழைத்தண்ணியில கால் வழுக்கி முழங்கால் வீங்கிருச்சு. தகட்டுப் பெட்டிதான் முதல்லங்கிறதுல எனக்கு மாத்தமில்ல. நாளைக்கு நைட் ஷிப்ட்ல பைப்போட வெளிச்சூடும் பீலித் தண்ணி சூடும் அளந்து போடுறேன், பாத்துட்டு எத்தனை செல்னு சொல்லுங்க தம்பி.